முசேயின் பழைய பெட்டி

எவரிடத்தும் பகை கொள்ளலாகாது என்று பொருள்படும் பதிகங்களை அறுபது ஆண்டுகளாக ஓதி வருகிற வாய் என்னுடையது. அந்த வாயால் நான் வாழ்த்த மறுத்த மனிதர் ஒருவர் உண்டு. எங்கள் தெரு அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்று அழைத்தது. ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அது நான் கற்ற தமிழ் எனக்கு விதித்த மரியாதை. அவர் ஈட்டிய மரியாதை அன்று.

புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு முசேயாவது இருப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து, எங்கெங்கோ காவல் நின்று, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள். அவர்களில் பலர் எனக்கு நண்பர்கள். காலையில் நீண்ட ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் மூக்கால் பேசுவார்கள். தேர்த் திருவிழா என்றால் முதல் ஆளாக வந்து வடம் தொடுவார்கள். எங்கள் முசே அந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் நெற்றியில் திருநீறும் இல்லை, கழுத்தில் சிலுவையும் இல்லை. எங்களுக்கு ஐந்தெழுத்து இருப்பது போல அவருக்கு ஒரு சொல் இருந்தது: ‘நோன்.’ இல்லை, மாட்டேன், வேண்டாம், முடியாது, போ என்ற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லையே எடுத்து நீட்டுவார்.

மாதா கோயில் பாதர், கிறிஸ்மஸ் பூசையில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று நேரில் வந்து கேட்டார்; வாசற்படியிலேயே நோன். எங்கள் சிவன் கோயில் தர்மகர்த்தா, ஊஞ்சல் உற்சவத்தில் நாதஸ்வரம் ஓய்ந்த பிறகு கொஞ்ச நேரம் வாசித்தால் போதும் என்று பழத்தட்டோடு போனார், பழத்தட்டோடு திரும்பினார். எதிர்வீட்டுக்காரர் தம் மகளின் வரவேற்புக்கு மெல்லிசைக் குழுவோடு சேர்ந்து வாசிக்க அழைத்தபோது மட்டும் நோனுக்குப் பின்னால் ஒரு விளக்கம் கிடைத்ததாம். “நான் எனக்கு வாசிக்கிறேன். கேக்கறது உங்க பிரச்சன” என்றாராம். ஆயுத பூசையன்று எங்கள் தெருவில் சைக்கிள் முதல் மிக்சி வரை சந்தனப் பொட்டு வைத்துக்கொள்ளும். பூக்காரி ஒரு முழம் கதம்பத்தை அவருடைய வாத்தியத்துக்கென்று சும்மாவே நீட்டினாள். அதையும் அவர் வாங்கவில்லை. கொடுக்க மறுப்பவனுக்கு உலோபி என்று பெயர் உண்டு. வாங்கவும் மறுப்பவனுக்கு நான் படித்த நூல்களில் பெயர் இல்லை.

அவர் வீடும் என் வீடும் முற்காலத்தில் ஒரே வீடு. உடன்பிறந்தார் இருவர் பாகம் பிரித்துக்கொண்டு நடுக்கூடத்தில் சுவர் எழுப்பினார்கள். ஒரு பாதியை என் தகப்பனார் வாங்கினார்; மறு பாதி கை மாறிக் கை மாறி முசேயிடம் வந்து சேர்ந்தது. அந்த உடன்பிறந்தார், மின்சாரம் இழுத்த காலத்தில், முகம் பார்த்துப் பேசாத நிலையிலும் ஒரு செலவை மட்டும் ஒற்றுமையாக மிச்சம் பிடித்திருந்தார்கள். இரு வீட்டுக்கும் ஒரே எர்த் கம்பி, மண்ணில் ஒரே குழி. சுவர் பிரிந்தது, கம்பி பிரியவில்லை. அந்தச் சிக்கனத்தின் பலன் பின்னால் என் தலையில் விடிந்தது.

அவருடைய வாத்தியம் மரப்பெட்டியில் கப்பல் வழியாக வந்தது. கிதார் என்றார்கள். நெஞ்சோடு அணைத்து வாசிக்கும் கிதாரை நான் அறிவேன். இது நான்கு கால்மேல் நிற்கும் இஸ்திரி மேசை. மேலே பத்துக் கம்பி. அடியில் தையல் இயந்திரத்துக்கு இருப்பது போன்ற மிதிகள். முழங்காலால் தள்ளுவதற்கு இருபுறமும் இரும்புப் பட்டைகள். வலக்கை விரல்களில் தகர நகம் மாட்டிக்கொண்டு மீட்டுவார். இடக்கையில் வழுவழுப்பான எஃகு உருளை ஒன்றைப் பிடித்துக் கம்பிகளின்மேல் இழுப்பார். சுரத்திலிருந்து சுரத்துக்குப் படி கிடையாது, சறுக்கல்தான். வலக்காலுக்கென்று தனியாக ஒரு மிதி. அதை அழுத்தினால் ஓசை எழும், தளர்த்தினால் தணியும்.

எனக்கு முதலில் பொறுக்காதது அந்தக் கால்தான். தவறிப்போய் ஒரு புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். இசையும் இறைவனும் வேறல்ல என்று பாடிப் பாடி உருகிய அடியார் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவன். இவர் இரண்டு கால்களாலும் இசையை மிதித்தார். மிதித்ததும் அது அழுதது.

வாத்தியம் தனியே ஊமை. சுவருக்கு இப்பால் ஒரு கொசுவின் ரீங்காரம் அளவுகூடக் கேட்காது. அந்த நற்காலம் சில வாரங்கள்தான் நீடித்தது. கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஒரு கடற்கரை விடுதி மூடிப்போயிற்று. அங்கே கச்சேரிக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மீன் ஏற்றும் டெம்போவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். உப்புக்காற்றில் மூலைத் தகடெல்லாம் துருப்பிடித்திருந்தது. முன்துணி கிழிந்திருந்தது. ஓசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்து, முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. புலால் மறுத்த என் வீட்டுக்குள் அந்தப் பெட்டியின் கவிச்சி பல நாள் வீசியது.

அண்டை வீட்டுக்காரன் என்ற முறையில் நான் சொன்னேன், பட்டாளத்து ஓய்வூதியம் வாங்குகிறவர் புதிதாக, தரமாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று. அவர் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“ஒசந்த பெட்டி அது இஷ்டத்துக்குப் பாடும், வாத்தியாரே. எனக்குப் பாடற பெட்டி வேணாம். குடுத்தத அப்படியே எடுத்துகினு போற பெட்டி போதும்.”

தனக்கென்று ஒரு குரல் வைத்துக்கொள்ளாமல், இட்டதை இட்டபடி ஏந்திச் செல்லும் பாத்திரமாக இருப்பதே அடிமைத் திறம் என்று எங்கள் பாட்டுகள் எத்தனையோ வகையில் சொல்கின்றன. உயிருக்குச் சொன்ன அந்த உயர்ந்த இலக்கணத்தை இவர் மீன் நாற்றம் அடிக்கும் ஒரு பழைய பெட்டிக்குச் சொன்னார். சொன்னவர் யார்? எவர் இட்டதையும் ஏந்தாதவர். அன்று மாலை என் பூசையில் மனம் நிற்கவில்லை.

பெட்டி வந்த சில நாளில் அவர் முதன்முறையாக என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓசையை மன்னிக்கச் சொல்லி வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“உங்க கிரைண்டர் என் பெட்டில கத்துது” என்றார்.

தெருவையே தம் ஓசையால் நிறைப்பவர் எங்கள் ஓசையைப் பற்றிக் குறை சொல்ல வந்திருந்தார். விசாரித்ததில், ஒரே எர்த் கம்பி என்பதால் எங்கள் வீட்டில் எந்த மோட்டார் ஓடினாலும் அந்தப் பெட்டி ‘ம்ம்ம்’ என்று முனகுமாம். புதிய பெட்டியாக இருந்தால் அதை வடிகட்டிவிடுமாம்; இந்தப் பழசுக்கு அந்த வித்தை தெரியாதாம். மாவு வழிந்த கையோடு வந்து நின்ற என் மனைவி, கோபப்பட வேண்டியவள், சிரித்தாள். எப்போது வாசிப்பீர்கள், அந்த நேரம் விட்டு அரைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். எப்போது சத்தம் இல்லையோ அப்போது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் அந்த நேரத்தைக் கண்டுபிடித்தும் விட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் இடிப்பதில்லை, அரைப்பதில்லை, பெருக்குவதில்லை. உரலும் உலக்கையும் போய் இயந்திரங்கள் வந்த பிறகும் பெண்கள் அந்த வழக்கத்தை விடவில்லை. சூரியன் மறையும் வேளையில் கிரைண்டர், மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கும். வீட்டுக்குத் திருமகள் வரும் நேரம் அது. முசே அதைப் பெரியோர் சொல்லி அறியவில்லை; பெட்டியின் முனகல் நின்றதை வைத்து அறிந்தார். அன்று முதல் நாள் தவறாமல், நான் விளக்கேற்றித் திருமுன் அமர்ந்து பதிகம் எடுக்கும் அதே நொடியில், சுவருக்கு அப்பால் இரும்பு அழத் தொடங்கியது. இறைவனுக்கென்று நாங்கள் பெருக்கித் துடைத்து வைத்த அமைதியில் அவர் செருப்புக் காலோடு வந்து குடியேறினார்.

நேரத்தை மாற்றச் சொன்னேன், நோன். ஓசையைக் குறைக்கச் சொன்னேன்.

“சத்தம் பெட்டில இல்ல. கால்ல இருக்குது” என்றார்.

அப்படியானால் காலைச் சற்றுத் தளர்த்துங்கள் என்றேன். காலை வெட்டிக் கொடுக்கச் சொன்னது போல என்னைப் பார்த்தார். நோன்.

ஆகவே நான் குரலை உயர்த்தினேன். கொல்லிப் பண்ணில் நான் எழுந்தால் அவர் சறுக்கிக்கொண்டு மேலே வந்தார். நான் தாழ்ந்தால் அவர் தனியே நின்று புலம்பினார். தெருவுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. இன்றைக்கு யார் ஜெயித்தது என்று பூக்காரி கூடையை இறக்கி வைத்துக்கொண்டு கேட்பாள். எதிர்வீட்டுக்காரர், “டிக்கெட் போட்டுடலாம் வாத்தியாரே, ஆளுக்குப் பாதி” என்றார். தர்மகர்த்தாவிடம் முறையிட்டேன். தட்டோடு திரும்பி வந்த அவமானம் இன்னும் ஆறாத அவர், தாம் இனி அந்தப் படி ஏறுவதாயில்லை என்று சொல்லிவிட்டார்.

என் மனைவியிடம் நான் முறையிடவில்லை; அவள் என் பக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

“அது அழுவுற மாதிரிதாங்க இருக்குது. ஆனா யாரையும் குத்தம் சொல்லி அழல. நீங்க பாடறப்ப நான் எதுனா தப்பு பண்ணிட்ட மாதிரியே இருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாற்பது ஆண்டுகள் என் பக்கத்தில் அமர்ந்து கேட்டவள். அந்தச் சிரிப்பை அவளுக்குள் விதைத்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.

பிறகு அவளுக்கு நுரையீரல் இறுகிப்போயிற்று. பெரிய மருத்துவமனையில் பல வாரம் இருந்தோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். முழங்கால் உயரம், கீழே நான்கு சக்கரம், உள்ளே ஓயாத மோட்டார். பொதுச் சுவரை ஒட்டிய அறையில் அவளைக் கிடத்தினோம். இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. விளக்கு வைக்கும் நேரத்திலும் ஓடியது. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் மீறப்பட்டது அதுதான் முதல்முறை.

அன்று மாலையே முசே வந்தார்.

“இன்னா ஓடுது உள்ள?”

அறைக் கதவை முழுதாகத் திறந்து காட்டினேன். குழாய் மூக்கில் இருக்க, அவள் கண் திறந்து அவரைப் பார்த்துக் கை கூப்ப முயன்றாள். அவர் இயந்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி இயந்திரத்தைப் பார்த்தார். எதிரிகூட வாய் திறந்து சொல்லும் ஆறுதல் சொற்கள் உலகத்தில் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் வாசிப்பு தொடங்கியது.

மறுநாள் நான் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். அவருடைய நலனுக்காக அன்று. அவர் மறுபடி என் வாசலில் வந்து நிற்கலாகாது என்பதற்காக. இரண்டு வீட்டையும் பார்த்த எலக்ட்ரீஷியன், முசே வீட்டுக்குத் தனியாக ஓர் எர்த் குழி தோண்டிவிட்டால் பெட்டி முனகாது, அரை நாள் வேலை என்றார். செலவும் என்னுடையது என்றேன். முசே வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். நோன். “சார், உங்க பெட்டிக்குத்தான் நல்லது” என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். அதற்கும் நோன். ஒரு கிரைண்டருக்காகப் படியேறி வந்தவர், இரவும் பகலும் முனகும் இயந்திரத்தை வேண்டும் என்று வைத்துக்கொண்டார். பிடிவாதத்துக்குக் காரணம் தேவையில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கில், உயிர் பிரியும் வேளையில் காதில் விழும் கடைசி ஓசை ஐந்தெழுத்தாக இருக்க வேண்டும். அந்த ஓசையைப் பற்றிக்கொண்டுதான் உயிர் கரையேறும் என்பது என் நம்பிக்கை. நம்பிக்கை என்றா சொன்னேன்? வாழ்நாள் முழுதும் நான் ஓதியதற்குப் பொருளே அதுதான். அவளுக்குத் தருவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் மீதமில்லை. அந்தக் காதைக் காக்க வேண்டும் என்று, விரும்பாத படியில் நானே ஏறினேன்.

என் மனைவி காதில் கடைசியாக விழ வேண்டியது இன்னது என்று ஒன்று உண்டு, அது முடியும் வரை வாசிக்காமல் இருங்கள் என்று கேட்டேன். வணங்கிக் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் தகர நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“காது அவங்களோடது” என்றார். “அவங்கள கேட்டீங்களா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க அவர் யார்? திரும்பி வந்தேன். இரண்டு வீட்டுச் சன்னலும் திறந்துதான் இருந்தன. நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் கட்டிலருகே உட்கார்ந்ததும், “இருக்கட்டுங்க. வாசிக்கட்டும்” என்றாள்.

நான் வேறு வழி பார்த்தேன். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மகள் விடுப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இருவருமாகக் கட்டிலை வாசல் அறைக்கு நகர்த்தினோம். அங்கே பெட்டியின் ஓசை பாதிதான் எட்டும். ஒரு பகல் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே போடச் சொன்னாள் என் மனைவி. ஏன் என்றேன்.

“அங்க காத்து வருதுங்க.”

அந்தச் சுவரில் சன்னல் கிடையாது. இருந்த ஒரே சன்னல் கொல்லைப் பக்கம், அதுவும் காற்று வராத மூலை. கட்டிலைத் திரும்பவும் சுவரோரம் போட்டோம்.

இன்னொன்றும் அந்த நாட்களில் நடந்தது. இயந்திரத்தின் வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்றால் அதைச் சிறிது நேரம் நிறுத்தி, சிலிண்டரில் மாற்றிக் கொடுப்போம். ஒரு மாலை மகள் அப்படி நிறுத்தினாள். சுவருக்கு அப்பால் வாசிப்பு அறுந்தது. உடனே சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்தினாலும் குற்றமா என்று எனக்குச் சினம் பொங்கியது. வடிகட்டியைப் பொருத்தி மறுபடி ஓடவிட்டதும் வாசிப்பு தொடர்ந்தது. அடுத்த முறையும் அப்படியே. தட்டு, காத்திருப்பு, பிறகு வாசிப்பு.

“அவரு கேக்கறாருப்பா” என்றாள் மகள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. “மெஷின் நின்னுடுச்சே, அம்மாவுக்கு இன்னான்னு.”

“உன் அம்மாவை விசாரிக்க வாசல் இருக்கிறது” என்றேன்.

“வாசல்ல நீங்கதான நிக்கறீங்க.”

அவளுக்கும் தாயின் நாக்கு.

அந்த மாலையும் மற்ற மாலைகளைப் போலவே இருந்தது. தெருவில் மோட்டார்கள் அடங்கின. மகள் விளக்கேற்றினாள். மனைவியின் மூச்சு மேலேயே நின்று தடுமாறிக்கொண்டிருந்தது. இன்று என்று எனக்குத் தெரிந்தது. திருநீறு இட்டு, அவள் வலக்காதருகே குனிந்து, அவளுக்குப் பிடித்த பழம்பஞ்சுரப் பண்ணில் ஒரு பதிகத்தை மெல்லத் தொடங்கினேன். சுவருக்கு அப்பால் அவரும் தொடங்கினார்.

அன்று அவர் என்னோடு போட்டி போடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் பொய்யாகும். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, காலால் மெல்ல எழுப்பியும் மெல்லத் தணித்தும், மூச்சு வாங்குவது போல வாசித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம். போட்டி போட்டிருந்தால் குரலை உயர்த்தியிருப்பேன். எதிர்க்காத ஒன்றை எப்படி வெல்வது? ஐந்தெழுத்தை எடுத்தேன். ஒரு முறை, இரு முறை சொன்னேன். அடுத்ததற்கு வாயைத் திறந்தேன். அறுபது ஆண்டுகளில் மேடையிலோ சந்நிதியிலோ ஒரு நாளும் என்னைக் கைவிடாத குரல், அந்த ஒரு நேரத்தில் நின்றது. அந்த இடைவெளியில் சுவரின் வழியாக அந்த ஒற்றைச் சுரம் வந்துகொண்டே இருந்தது. நான் மீண்டும் குரலெடுத்துச் சொல்லி முடித்தபோது அவள் மார்பு அசையவில்லை.

எப்போது போனாள்? என் சொல்லின்மீதா, அந்த இடைவெளியிலா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்திதான் இருந்தாள்.

மகள் நாடி பார்த்தாள். அழவில்லை. குனிந்து இயந்திரத்தை நிறுத்தினாள். அறையில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் பல வாரங்களாகக் கேட்டதில்லை. அப்பால் வாசிப்பு பாதியில் அறுந்தது.

பிறகு சுவரில் இரண்டு தட்டு.

மகள் எழுந்தாள். சுவரருகே போய்க் கையை உயர்த்தினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“சங்கு ஊதட்டும்” என்றேன். “ஊருக்குத் தெரியும்போது அவருக்கும் தெரியட்டும்.”

மறுபடி இரண்டு தட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து, ஒரே ஒரு தட்டு, முன்னைவிட மெதுவாக. அதன்பின் ஒன்றுமில்லை. சங்குக்காரர் வந்து சேர நேரமாயிற்று. அதுவரை நாங்கள் மூவரும் அந்தச் சுவரோரம் இருந்தோம். நான்காமவர் அப்பால் இருந்தார். அவளுடைய இறுதிக் கணம் எனக்கும் மகளுக்கும் இறைவனுக்கும் மட்டும் உரியது என்று எண்ணியிருந்தேன். ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, அழைப்பில்லாமல், அதில் அவரும் பங்கு கொண்டுவிட்டார். யாரும் சொல்லாத செய்தியை அவருக்கு அந்தப் பெட்டி சொல்லிவிட்டது. அவர் தட்டியது, போய்விட்டாளா என்ற கேள்விக்கு எங்களிடம் ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்கத்தான். ஊருக்கெல்லாம் அந்தச் சொல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அன்று அது எங்கள் வீட்டிலிருந்து கிடைக்கவில்லை.

அவர் துக்கத்துக்கு வரவில்லை. பாடை எடுத்தபோது கதவைத் திறக்கவில்லை. காரியம் முடியும் வரை வாசிக்கவும் இல்லை. முசேவுக்கும் மனசு இருக்கிறது பாருங்கள் என்று பூக்காரி சொன்னாள். தெரு எதையும் எளிதில் மன்னித்துவிடும்.

கரும காரியம் முடிந்து, உறவினரெல்லாம் புறப்பட்டுப் போன பிறகு ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முசே நின்றிருந்தார். முகம் சவரம் செய்யப்பட்டிருந்தது. சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தார். பட்டாளத்தில் மேலதிகாரி முன் போவதற்கு அப்படித்தான் போடுவார்கள் போலும். உள்ளே வரச் சொல்லவில்லை நான். அவரும் எதிர்பார்க்கவில்லை.

“மெஷின திருப்பிக் குடுத்துட்டீங்களா?”

கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவர் என் தோளுக்குமேல், கூடத்தின் கடைசியில் இருக்கும் அறையைப் பார்த்தார். கட்டிலை அப்புறப்படுத்திவிட்டதால் சுவர் வெறுமையாகத் தெரிந்தது.

“பெட்டில ஒண்ணும் இல்ல இப்ப. சுத்தமா இருக்குது” என்றார். பிறகு, “எனக்கு வாசிக்கவே வரமாட்டேங்குது, வாத்தியாரே” என்றார்.

முதன்முறை என் வீட்டு ஓசையைக் குறை கூற வந்தவர், இப்போது என் வீட்டு அமைதியைக் குறை கூற வந்திருந்தார். நான் கதவைச் சாத்தினேன். அவர் படியிறங்கும் ஓசை கேட்க நெடுநேரம் ஆயிற்று.

அவர் அதற்குப் பின் வாசிக்கவில்லை. அந்த ஆண்டு மழைக்காலம் தொடங்குமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பிரான்சுக்கு என்றார்கள் சிலர். கனகசெட்டிக்குளத்தில் கடலைப் பார்த்த ஓர் அறையில் இருக்கிறார் என்றார்கள் சிலர். நான் விசாரிக்கவில்லை. வாத்தியத்தை மட்டும் எடுத்துப் போனார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. தெருவில் ஒருவரும் தொடவில்லை. முதல் மழையில் நனைந்து, துணி உப்பி, ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிற்று.

இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெரு முழுதாக அடங்குகிறது. நான் ஆண்டுக்கணக்காக வேண்டிக்கொண்ட அமைதி அது. விளக்கேற்றி, சுவரோரம் அமர்ந்து, பதிகம் எடுக்கிறேன். சுவருக்கு அப்பால் எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் என் குரல் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வருகிறது. அவள் சொன்னது சரிதான். கேட்பவரைக் குற்றம் சாட்டுவது போலத்தான் இருக்கிறது. இதையும் எனக்குக் கேட்கும்படி செய்துவிட்டுப் போன அந்த மனிதரை, பதிகம் முடிந்து திருநீறு இட்டுக்கொண்டதும், நாள் தவறாமல் வைகிறேன்.